பொறுத்துக்க வேண்டாம், சொல்லுங்க! – இடுப்பு ஆபரேஷனுக்குப் பின் முதல் ஆறு வாரம்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று ஒவ்வொரு இதழிலும் பேசுகிறோம். இந்த மாதப் பாடம் வலியைப் பற்றியது. வலியைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது, வந்தால் தாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். எங்கள் நினைப்பை மாற்றியது ஒரு அப்பத்தா.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். நம் குழு உறுப்பினர் ஒருவரின் மாமியார் அவர். வயது அறுபத்தெட்டு. மாசி மாதம் ஊரணிப் படியில் குடத்தோடு வழுக்கி விழுந்துவிட்டார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாங்கள் பார்க்கப் போனபோது, "எனக்கு ஒண்ணும் வலி இல்லத்தா" என்று சிரித்தார். "பாருங்க, எவ்வளவு தைரியம்!" என்று பாராட்டிவிட்டு வந்தோம்.

ஆபரேஷனான பத்தாம் நாள் வீட்டுக்குப் போனோம். அப்பத்தா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். அசையவில்லை. தலையணைக்கு அடியில் மாத்திரை அட்டை இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாள். கணக்குப்படி ஒன்பது மாத்திரை போயிருக்க வேண்டும். போயிருந்தது இரண்டு. முதுகின் அடியில், வால் எலும்பு இருக்கும் இடத்தில், தோல் சிவந்து கன்றியிருந்தது. படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் அது.

"ஏன் அப்பத்தா மாத்திரை போடலை?" என்று கேட்டோம். மெதுவாகத்தான் பதில் வந்தது.

"வலி மாத்திரை தின்னா கிட்னி போயிரும்ங்கிறாக. பழகிப்போயிரும்ங்கிறாக. ரொம்ப முடியாதப்ப போட்டுக்கலாம்னு வச்சிருக்கேன். மருமக வெள்ளன மொளகா பறிக்கப் போகுது. நான் எந்திரிக்கணும்னா அது வரணும், கக்கூசுக்குப் போகணும்னா அது வரணும். அதான் தண்ணியும் கொறச்சுக்கிட்டேன். படுத்தே கெடந்தா வலி இல்ல."

சகோதரிகளே, இந்தக் கடைசி வாக்கியத்தை மறுபடி படியுங்கள். "படுத்தே கெடந்தா வலி இல்ல." ஆபத்தே இதில்தான் இருக்கிறது. வலிக்குப் பயந்து படுத்தால் படுக்கைப் புண் வரும். நெஞ்சில் சளி கட்டும். காலில் ரத்தம் உறையும். தசை வற்றிப்போகும். ஆபரேஷன் நன்றாக நடந்தும், அதற்குப் பின் படுத்தே கிடந்து நலிந்தவர்கள் உண்டு. வலியை அடக்குவது சுகத்துக்காக மட்டும் அல்ல. எழுந்து நடப்பதற்காக. இந்த மாதப் பாடம் இதுதான்.

வலி எங்கிருந்து வருகிறது?

நம் இடுப்பு மூட்டு ஆட்டுக்கல் மாதிரி. இடுப்பெலும்பில் ஒரு குழி. தொடை எலும்பின் உருண்டையான தலை குழவி போல அதில் உட்கார்ந்து சுழல்கிறது. எலும்பு முறிந்தால் சில பேருக்குக் கம்பி, திருகாணி, பிளேட் வைத்துச் சேர்க்கிறார்கள். சில பேருக்குக் குழவியை மட்டும் மாற்றுகிறார்கள். மூட்டு தேய்ந்தவர்களுக்குக் குழவி, குழி இரண்டையும் மாற்றுவதும் உண்டு. எந்த ஆபரேஷன் என்றாலும் தோலையும் தசையையும் விலக்கித்தான் உள்ளே போகிறார்கள். ஆகவே பிறகு வரும் வலி, புண்ணும் தசையும் ஆறும்போது வரும் வலி. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

முதல் இரண்டு மூன்று நாள் வலி கடுமையாக இருக்கும். பிறகு படிப்படியாகக் குறையும். ஒரே சீராகக் குறையாது. இன்று நன்றாக இருக்கும், நாளை கொஞ்சம் கூடும். வாரக் கணக்கில் பார்த்தால் இறங்கிக்கொண்டே வர வேண்டும். தொடையில் கருநீலமாகக் கன்றிப்போய், அது முழங்கால் வரை இறங்குவதும் உண்டு. காலில் வீக்கம் பல வாரம் இருக்கலாம். இடுப்பில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு முழங்காலும் வலிக்கலாம். இரண்டுக்கும் போகும் நரம்பில் தொடர்பு இருப்பதால் அப்படித் தெரியும்.

மழைக்கு முன்னால் தார்ப்பாய்

நம் பக்கத்து முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிளகாயைக் களத்தில் காயப் போட்டிருக்கும்போது மேகம் கறுத்தால் என்ன செய்வோம்? மழை கொட்டி மிளகாய் நனைந்த பிறகா தார்ப்பாய் தேடுவோம்? கறுத்ததும் ஓடிப்போய் மூடுவோம்.

வலி மாத்திரையும் அப்படித்தான். வலி உச்சிக்குப் போன பிறகு போட்டால், அதை இறக்க அதிக நேரம் பிடிக்கும். ஆரம்ப நாட்களில் டாக்டர் சொன்ன நேரத்துக்குச் சொன்ன அளவில் போட்டால் வலி கட்டுக்குள் இருக்கும். நடைப்பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் முன்னதாக ஒரு வேளை மாத்திரை வருகிற மாதிரி நேரத்தை அமைத்துத் தரும்படி டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள். படுக்கப் போகும் நேரத்துக்கும் அப்படியே கேளுங்கள்.

அப்பத்தாவின் பயத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

• பாரசிட்டமால் பெரும்பாலும் முதலில் தரும் மாத்திரை. சொன்ன அளவில் போட்டால் பயமில்லை. அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். கடையில் வாங்கும் காய்ச்சல், சளி மாத்திரைகளிலும் இதே மருந்து இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறிவிடும்.

• டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள்தான் சிறுநீரகத்துக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் கெடுதல் செய்யக்கூடியவை. பிரஷர், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். டாக்டர் எழுதினால் மட்டும், எழுதிய நாள் வரை மட்டும், சாப்பிட்ட பிறகு போட வேண்டும். கடையில் "ஒரு வலி மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கவே கூடாது.

• டிரமடால் போன்ற கடுமையான வலிக்கான மருந்துகள் தலைசுற்றல், வாந்தி, தூக்கக் கலக்கம், மலச்சிக்கல் கொடுக்கலாம். இதைப் போட்டவர்களைத் தனியாக எழுந்து நடக்க விடாதீர்கள். இவற்றுக்குத்தான் பழகிப்போகும் குணம் உண்டு. அதனால்தான் டாக்டர்கள் சில நாளுக்கு மட்டும் எழுதுகிறார்கள். அந்தச் சில நாள் போடுவதற்குப் பயப்பட வேண்டாம்.

• ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையும் ஊசியும் வலிக்கானவை அல்ல. "வலிதான் போயிருச்சே" என்று இவற்றை நிறுத்தக் கூடாது.

வலியைக் கணக்கில் எழுதுங்கள்

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்று கேட்பார். நம் அம்மாக்களுக்கு அது புரிவதில்லை. அப்பத்தாவிடம் நாங்கள் வேறு மாதிரி கேட்டோம். "அப்பத்தா, தாங்கவே முடியாத வலி பத்து ரூபாய்னு வச்சுக்கங்க. இப்ப உங்ககிட்ட எத்தனை ரூபாய் வலி இருக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "படுத்திருக்கப்ப மூணு ரூவா. எந்திரிச்சா எட்டு ரூவா."

"வலியே இல்ல" என்று சொன்ன அதே வாய்தான் இப்படிச் சொன்னது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் அவரைப் பாராட்டியது எங்கள் தவறு என்று அப்போதுதான் உறைத்தது. வலியை மறைத்ததற்கு நாங்களே கைதட்டியிருக்கிறோம்.

குழுக் கணக்கு எழுதும் நமக்கு இது சுலபம். ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: நேரம், மாத்திரை, படுத்திருக்கும்போது வலி, நடக்கும்போது வலி. டாக்டரிடம் போகும்போது நோட்டைக் கொண்டு போங்கள். "வலிக்குது சார்" என்று மொட்டையாகச் சொல்வதைவிட, "மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சும் நடக்கிறப்ப ஏழு ரூபாய்க்குக் குறையல" என்று சொன்னால் மருந்தை மாற்றிக் கொடுக்க அவருக்கு வழி கிடைக்கும். வலி ஒன்றுமே இல்லாமல் போக வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூச்சை இழுத்து விட, இருமித் துப்ப, எழுந்து நாலடி வைக்க முடிகிற அளவுக்குக் குறைந்தால் போதும்.

மாத்திரையோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை

1. ஐஸ்: ஐஸ் கட்டியைப் பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, துணியில் சுற்றி, வீங்கிய இடத்தில் 15 நிமிடம் வைக்கலாம். நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. கட்டு நனையக் கூடாது.

2. படுக்கை: பாய் வேண்டாம், கட்டில் வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்குக் கீழே அசையாதபடி பலமான கட்டை வைத்து உயர்த்துங்கள். மூட்டு மாற்றியவர்களுக்கு இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைக்கச் சொல்வார்கள். குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த துணி வைக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆஸ்பத்திரியில் காட்டிக் கொடுத்த விதத்தில், பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள்.

3. பாத அசைவு: விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை, பாதத்தை மேலும் கீழும் பத்துத் தடவை. தையல் மிஷின் மிதிப்பது போல. ரத்த ஓட்டத்துக்கு நல்லது.

4. மூச்சு: மூக்கால் மெதுவாக இழுத்து, வாயால் ஊதி விடுங்கள். எழுந்திருக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டால் உடம்பு விறைத்து வலி கூடும். ஊதிக்கொண்டே எழுந்திருக்க வேண்டும்.

5. தண்ணீர், சாப்பாடு: தண்ணீரைக் குறைத்தால் நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் வரும். முக்கினால் இடுப்பில் வலி பிடுங்கும். வேறு நோய்க்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர நன்றாகக் குடியுங்கள். முருங்கைக்கீரை, பயறு, முட்டை, மீன் எல்லாம் நம் பக்கம் கிடைப்பவைதான். புண் ஆற இவை வேண்டும்.

எப்போது நடக்கலாம்?

தெலங்கானாவின் முன்னாள் முதலமைச்சர் கே.சந்திரசேகர ராவ் 2023 டிசம்பரில் தன் பண்ணை வீட்டில் விழுந்து இடுப்பு முறிந்தது. ஹைதராபாத்தில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. அப்போது அவருக்கு வயது 69, நம் அப்பத்தாவின் வயதுதான். ஆபரேஷனான மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். அவர் பெரிய மனிதர் என்பதால் கிடைத்த தனிச் சலுகை இல்லை இது. இன்று மருத்துவம் எல்லோருக்கும் சொல்வது இதையேதான். 1960-களில் இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி இந்த மூட்டு மாற்று முறையை நிலைநிறுத்திய காலத்தில், நோயாளிகளைப் பல நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். சீக்கிரம் எழுப்புவதுதான் நல்லது என்பது பிறகு தெரிந்தது.

ஆனால் ஒன்று. ஆபரேஷன் செய்த காலில் எவ்வளவு எடை போடலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். முழு எடையா, பாதியா, தொட்டும் தொடாமலுமா? வீட்டுக்குக் கிளம்பும் முன் இதைக் கேட்காமல் வராதீர்கள். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நடக்கும் வரிசை: முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். ஒரே மூச்சில் தெருமுனை வரை நடப்பதைவிட, வீட்டுக்குள்ளேயே ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது நல்லது. நடக்கும்போது கொஞ்சம் வலி கூடினால் பயப்பட வேண்டாம். ஓய்வெடுத்து இரண்டு மணி நேரம் ஆகியும் அந்தக் கூடுதல் வலி குறையவில்லை என்றால், அன்று அளவுக்கு மீறிவிட்டோம் என்று அர்த்தம். மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திவிடாதீர்கள்.

செய்யக் கூடாதவை

• தரையில் சப்பணமிட்டு உட்காருவது, குத்தவைப்பது, காலைக் குறுக்கே போடுவது, குனிந்து பொருள் எடுப்பது வேண்டாம். மூட்டு மாற்றியவர்களுக்கு மூட்டு நழுவிவிடும் ஆபத்து உண்டு. எத்தனை வாரம் இப்படி இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

• எண்ணெய் போட்டு நீவுவது, உருவி விடுவது, கட்டுப் போடுவது கூடாது. கெண்டைக்காலை அமுக்கவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும்.

• புண்ணில் மஞ்சள், பச்சிலை, எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது.

ராத்திரியும் மனசும்

வலி ராத்திரியில்தான் பெரிதாகத் தெரியும். ஊர் அடங்கிவிடும், பேச ஆள் இருக்காது, யோசனை ஓடும். "இனி நான் நடப்பேனா? இவங்களுக்குப் பாரமாயிட்டேனே." இந்த எண்ணம் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும். பகலில் நாற்காலியில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுங்கள். பூக் கட்ட, கீரை ஆய, பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் சொல்லுங்கள். கை வேலையில் இருந்தால் மனசு வலியை விட்டு விலகும்.

உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய அடையாளங்கள்

• திடீரென்று தாங்க முடியாத வலி, கால் குட்டையாகவோ திரும்பியோ தெரிவது, எடையே போட முடியாமல் போவது
• ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலிப்பது
• காய்ச்சல், புண்ணில் சீழ், நாற்றம், பரவும் சிவப்பு
• நாளாக ஆக வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது
• கறுப்பாக மலம் போவது, சிறுநீர் வராமல் இருப்பது, பேச்சில் குழப்பம்
• மூச்சுத் திணறல், நெஞ்சு வலி: ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்

குழு என்ன செய்தது?

அப்பத்தா வீட்டில் பார்த்ததை அந்த வாரக் கூட்டத்தில் வைத்தோம். மருமகள் அழுதுவிட்டார். "நான் பறிக்கப் போகலைன்னா கூலி போச்சு. போனா அத்தை பட்டினி. நான் என்ன மேடம் செய்யட்டும்?" யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஊக்குநர் தீர்மானப் புத்தகத்தை எடுத்தார். பறிப்பு முடியும் வரை பகலில் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறை போட்டார்கள். முறைக்கு வருகிறவர் மாத்திரை கொடுத்து நோட்டில் எழுத வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், எழுப்பி நடக்க வைக்க வேண்டும். உள்கடனில் நடுவில் ஓட்டையுள்ள கழிப்பறை நாற்காலி ஒன்று வாங்கினார்கள். கக்கூசுக்குப் போகும் கவலை தீர்ந்ததும் அப்பத்தா தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்.

கிராம சுகாதார செவிலியர் வந்து பார்த்தார். முதுகில் சிவந்த இடம் புண்ணாகாமல் தப்பியது. மாத்திரையை நேரத்துக்குப் போட்டதும் நாலாம் நாள் நோட்டில் நடக்கும்போது வலி "5" என்று இருந்தது. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கவும் வழி செய்திருந்தார்கள். அதில் வேலை செய்த பெண் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், "வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஆள் உண்டா?" என்று கேளுங்கள்.

ஏழாம் வாரக் கூட்டம் அப்பத்தா வீட்டுத் திண்ணை முன்னாலேயே நடந்தது. நாங்கள் எல்லோரும் பாயில். அவர் மட்டும் உயரமான நாற்காலியில். "இன்னைக்கு எத்தனை ரூபாய் அப்பத்தா?" என்று கேட்டோம். "ரெண்டு ரூவா. ராத்திரி மூணு இருந்துச்சு, மருமகள எழுப்பிச் சொல்லிட்டேன்" என்றார்.

எங்களுக்குச் சந்தோஷம் வலி இரண்டு ரூபாய்க்கு இறங்கியதில் மட்டும் இல்லை. எழுப்பிச் சொன்னாரே, அதில்தான்.

கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் வீட்டில் வலியை வெளியே சொல்லாமல் இருப்பவர் யார்? ஏன் சொல்வதில்லை?
2. நம் குழுவில் ஒருவருக்கு ஆபரேஷன் நடந்தால் முதல் இரண்டு வாரம் யார் யார் முறை எடுப்போம்?
3. வாக்கர், கழிப்பறை நாற்காலி போன்றவற்றைக் கூட்டமைப்பில் பொதுவாக வாங்கி, தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்து வாங்கலாமா?
4. ஊரணிப் படி, குளிக்கும் இடம், வாசற்படி: வழுக்கி விழும் இடங்கள் நம் ஊரில் எவை? அவற்றைச் சரிசெய்ய யாரிடம் மனுக் கொடுக்கலாம்?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு இந்தப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கும் கேட்கட்டும்.